மார்கழியில் ரிச்சி தெரு

முகூர்த்தம் இல்லாத மார்கழியில்தான் கல்யாணப் படம் எடுப்பவர்கள் தலை நிமிர்ந்து பார்க்கிறார்கள். கார்த்திகையில் எடுத்ததை முடித்துக் கொடுக்க வேண்டும், தை பிறந்துவிட்டால் மறுபடியும் ஓட்டம். இடையில் கிடைக்கிற இந்த ஒரு மாதத்தில்தான் லென்ஸைத் துடைப்பது, லைட் ஸ்டாண்டுக்கு வெல்டிங் வைப்பது, வரவேண்டிய பாக்கியைக் கேட்டு நடப்பது, புதுச் சாமான் வாங்குவது எல்லாம். கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் அக்கா மகனும் கம்ப்யூட்டர் வாங்க மார்கழியைத்தான் வைத்திருந்தான். நான் பல வருஷமாக எடிட்டிங் மேஜையில் உட்காருகிறவன் என்பதால் என்னையும் கூப்பிட்டான். “ரிச்சி ஸ்ட்ரீட் போயிட்டு வந்துடலாம் மாமா. நீங்க பக்கத்துல இருந்தா போதும்.”

ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினோம். மாயவரம் வருவதற்குள் அவன் செல்போனில் எழுதி வைத்திருந்த பட்டியலைக் காட்டிவிட்டான். மொத்தம் ஒரு லட்சம், மானிட்டரும் யூபிஎஸ்ஸும் சேர்த்து. பட்டியலின் முதல் வரியிலேயே கிராபிக்ஸ் கார்டு இருந்தது, பணத்தில் பெரும் பங்கும் அதற்குத்தான். மிச்சத்தை மற்றவை பங்கு போட்டுக்கொண்டிருந்தன. யூடியூபில் கம்ப்யூட்டர் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் கேம் ஆடுகிறவர்களுக்காகப் பேசுகிறார்கள். அவர்களுக்கு அந்தக் கணக்கு சரி. தாலி கட்டுவதைப் படம் எடுத்துப் பிழைக்கிறவனுக்கு அதே கணக்கு சரியாக வருமா என்று யாரும் அவனிடம் கேட்கவில்லை.

பட்டியலை ஓரம் வைத்துவிட்டு நான் கேட்டது ஒன்றுதான்: “இப்ப இருக்குற லேப்டாப்ல எந்த இடத்துல நிக்குது?” யோசித்துச் சொன்னான். முழு நீளக் கல்யாண வீடியோவை எடியஸில் வெட்டுகிறான், அதில் பழைய கேமரா ஃபுட்டேஜ் ஒழுங்காக ஓடுகிறது. போட்டோஷாப்பில் ஆல்பம் ஷீட் நாலைந்தைத் திறந்தால் இழுக்கிறது. உயிரை எடுப்பது ஹைலைட்ஸ். அதற்காக வாங்கிய கேனன் ஆர்6 மார்க் 2 கேமராவில் சி-லாக் என்ற பதிவு முறையில் 4கே எடுத்து, பிரீமியரில் போட்டால் டைம்லைன் நகர மறுக்கிறது. ஒரு வினாடி ஓடும், மூணு வினாடி நிற்கும். கெட்டிமேளத்துக்கு வெட்டுப் போட வேண்டிய இடத்தில் படம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

அங்கேதான் முடிச்சு. அந்தக் கேமரா சி-லாகில் எழுதுவது எச்.265, 10 பிட், 4:2:2. எச்.265 என்ற சுருக்க முறை ஒவ்வொரு பிரேமையும் முழுசாகச் சேமிப்பதில்லை. எப்போதாவது ஒரு பிரேமை முழுசாக வைத்துவிட்டு, அடுத்தடுத்த பிரேம்களில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்கிறது. கோப்பு சின்னதாகிறது. ஆனால் எடிட்டர் நடுவில் ஒரு பிரேமைத் தொட்டால், கம்ப்யூட்டர் முந்தைய முழு பிரேம்வரை பின்னால் போய் அங்கிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு வர வேண்டும். இந்த அவிழ்க்கிற வேலைக்கென்றே தனிச் சுற்று ஒன்று சில சிப்களுக்குள் இருக்கிறது. அது இருந்தால் வேலை சுளுவாக முடியும். இல்லாவிட்டால் ப்ராசசர் தன் முழு பலத்தையும் கொட்டி மல்லுக்கட்ட வேண்டும்.

4:2:2 என்பது நிறத்தைச் சேமிக்கும் விதம். வெளிச்சத்தைப் பிக்சலுக்குப் பிக்சல் எழுதிவிட்டு, நிறத்தைப் பக்கத்துப் பக்கத்து இரண்டு பிக்சலுக்குப் பொதுவாக எழுதுவது. செல்போனும் யூடியூபும் டிவியும் பயன்படுத்துவது 4:2:0. அதில் நாலு பிக்சலுக்கு ஒரு நிறம். கிராபிக்ஸ் கார்டுகளின் அவிழ்க்கும் சுற்றுகள் மக்கள் பார்க்கிற படத்துக்காகச் செய்யப்பட்டவை, அதனால் 4:2:0 அவற்றுக்குத் தண்ணீர் பட்ட பாடு. 4:2:2 எச்.265 கோப்பை என்விடியா கார்டுகள் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் கையாளத் தொடங்கின. இன்டெல் ப்ராசசர்களுக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்ஸோ 11ஆம் தலைமுறையிலிருந்தே அதைச் செய்கிறது, குயிக் சிங்க் என்ற பெயரில். ஆப்பிளின் எம் வரிசையும் செய்கிறது. விலை உயர்ந்த கார்டு ஒன்று திணறுகிற இடத்தில், தனிக் கார்டே இல்லாத பெட்டி ஓடிவிடும் என்றால் அவன் நம்பவில்லை. நம்ப வேண்டியதில்லை, ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். நல்லவேளை, ஒரு கல்யாணத்தின் ஃபுட்டேஜ் முழுதும் அவன் பையில் எஸ்எஸ்டியில் இருந்தது.

எழும்பூரில் இறங்கிக் குளித்துவிட்டு, மெட்ரோவில் சென்ட்ரல் போய் மாறி அரசினர் தோட்டத்தில் இறங்கி மேலே வந்தால் அண்ணா சாலை. அங்கிருந்து நடை தூரம். அவசரப்பட வேண்டாம், கடைகள் சோம்பல் முறித்துத் திறக்கப் பத்தரை ஆகும். ஞாயிற்றுக்கிழமை போகவே கூடாது, ஷட்டர்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ரிச்சி தெரு என்று நாம் சொல்வது ஒரு தெரு அல்ல. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, அவற்றை இணைக்கும் சந்துகள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பெயர். டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்த பெரிய எலெக்ட்ரானிக்ஸ் சந்தை என்பார்கள். வால்வு ரேடியோ, டேப் ரெக்கார்டர் உதிரிபாகம் விற்ற காலத்தைப் பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். மீரான் சாகிப் தெருவுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. சினிமா விநியோகஸ்தர்களின் அலுவலகங்கள் வரிசையாக இருந்த தெரு அது. படப்பெட்டி ஊர் ஊராகக் கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே இன்று ஊர் ஊராகப் படம் எடுக்கிறவர்கள் வந்து ஹார்டு டிஸ்க் வாங்குகிறார்கள். தெருவில் பாதியை பைக்குகள் அடைத்துக்கொள்ள, மீதியில் தலையில் மானிட்டர் பெட்டியோடு ஆட்கள் குறுக்கும் நெடுக்கும் போகிறார்கள். தரைக்கடையில் கேபிள்களும் அடாப்டர்களும் குவிந்து கிடக்கின்றன. மாடியேறினால்தான் அசெம்பிள் செய்கிற கடைகள். கீழே கூப்பிடுகிறவர்களோடு போகாமல் மாடிக்குப் போவது நல்லது என்பது என் அனுபவம். அங்கே கொட்டேஷன் கேட்க வருகிறவனை உட்காரவைத்துப் பேச நேரம் இருக்கும்.

முதல் கடையில் எடிட்டிங் என்று சொன்னதுமே கொட்டேஷன் அடித்துவிட்டார்கள். ப்ராசசர் பெயரின் முடிவில் ‘எஃப்’ என்ற எழுத்து. இன்டெல் பெயரில் அந்த எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள், அதாவது குயிக் சிங்க் இல்லை. கொஞ்சம் விலை குறையும், தனிக் கார்டு போடுகிற கேம்காரருக்கு அது லாபம். எங்களுக்குத் தேவைப்பட்டதோ அந்த எழுத்து எடுத்துவிட்ட பொருள்தான். கடைக்காரர் மேல் குற்றம் இல்லை, அவரிடம் வருகிறவர்களில் பலரும் கேட்பது அதைத்தான்.

இரண்டாவது கடைக்காரர் பொறுமைசாலி. டெமோவுக்கு வைத்திருந்த இயந்திரங்களில் பிரீமியர் இருந்தது. எங்கள் எஸ்எஸ்டியை வாங்கிச் செருகினார். முதலில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கெரியும் இயந்திரம்: எஃப் ப்ராசசர், 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060. மாலை மாற்றும் கிளிப்பை டைம்லைனில் போட்டு ஓட்டினோம். டாஸ்க் மேனேஜரைப் பக்கத்தில் திறந்துவைத்தோம். ப்ராசசர் கோடு விறுவிறுவென்று மேலே ஏறி உச்சியிலேயே நின்றது. கார்டின் ‘வீடியோ டிகோட்’ கட்டத்தில் கோடு தரையோடு படுத்துக்கிடந்தது. பொண்ணு கையில் மாலை பாதி வழியில் நின்று, தாவி, மாப்பிள்ளை கழுத்தில் விழுந்தது.

அடுத்தது கடையின் பில் போடும் மேஜைக்குப் பின்னால் இருந்த சாதாரணக் கறுப்புப் பெட்டி. ஐ5-14500, தனிக் கார்டு கிடையாது. அதே கிளிப். டிகோட் கட்டத்தில் கோடு எழுந்தது, ப்ராசசர் பாதிக்கும் கீழே இருந்தது, மாலை காற்றில் போய் ஒழுங்காக விழுந்தது. மருமகன் சுட்டியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தான். இரண்டாவது கேமரா ஃபுட்டேஜையும் அடுக்கினான். கடைக்காரரும் குனிந்து பார்த்துவிட்டு, “இத நான் யாருக்கும் இப்படிக் காட்டினதில்ல சார்” என்றார். இன்டெல்லில் இதைவிடச் சற்றுக் குறைந்த 14400க்கும் இதே வசதி உண்டு. ஆனால் அதன் உள் கிராபிக்ஸில் அவிழ்க்கும் சுற்று ஒன்றுதான், 14500இல் இரண்டு. இரண்டு கேமரா வைத்து வெட்டுகிறவருக்கு அந்த விலை வித்தியாசத்தைக் கொடுக்கலாம்.

எடிட்டிங்குக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிற யாருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் கேமராவில், நீங்கள் எடுக்கிற அதே செட்டிங்கில் எடுத்த ஃபுட்டேஜை எடுத்துக்கொண்டு போங்கள். செல்போனிலோ பழைய கேமராவிலோ 8 பிட் 4:2:0 எடுக்கிறவருக்கு மேலே சொன்ன கதை எதுவும் பொருந்தாது, எந்தக் கார்டும் அதை ஓட்டிவிடும். வேறு சில கேமராக்கள் எச்.264இல் 4:2:2 எழுதும், அதற்கு இன்டெல்லின் இந்த வசதியும் உதவாது. பெட்டிக்கு வெளியே ஒட்டியிருக்கும் எண்கள் இதைச் சொல்ல மாட்டா. இயந்திரத்துக்கே வழியில்லை, காசு இல்லை என்றால்கூட ஒரு வழி உண்டு: ப்ராக்ஸி. ஒரிஜினலைத் தொடாமல் சின்ன அளவில் எளிய கோப்புகளை ராத்திரியே உருவாக்கப் போட்டுவிட்டுத் தூங்கினால், காலையில் பழைய லேப்டாப்பிலேயே வெட்டலாம். கடைசியில் ரெண்டர் மட்டும் ஒரிஜினலிலிருந்து போகும். ஹைலைட்ஸை மறுநாளே கேட்காத வீட்டாருக்கு அது போதும்.

மதியம் அண்ணா சாலை புகாரியில் சாப்பிட்டோம். சிக்கன் 65 பிறந்த இடம் என்று பெயர் பெற்ற ஹோட்டல் என்பதால் மருமகன் அதையும் வாங்கிச் சாப்பிட்டான்.

பிறகு பழைய சாமான் விற்கும் சந்துக்குப் போனோம். கம்பெனிகளில் குத்தகை முடிந்து வெளியே வரும் வொர்க்ஸ்டேஷன்கள் அங்கே அடுக்கிக் கிடக்கின்றன. “14 கோர் சியான், 64 ஜிபி ராம், ஒங்க பட்ஜெட்ல பாதி தம்பி” என்றார் ஒருவர். பெட்டி இரும்பு போல உறுதி, வெல்டிங்கும் வயரிங்கும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பழைய சியான் இ5களில் உள் கிராபிக்ஸ் கிடையாது. எங்கள் ஃபுட்டேஜுக்கு அங்கேயே கதை முடிந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுபோனது. விண்டோஸ் 11 இன்டெல்லில் 8ஆம் தலைமுறைக்குக் கீழே இருப்பதை முறையாக ஏற்பதில்லை. போட்டோ மட்டும் செய்கிறவர் 8ஆம் தலைமுறைக்கு மேற்பட்ட ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை வாங்கி ராமும் எஸ்எஸ்டியும் போட்டுக்கொண்டால் நல்ல சிக்கனம். வீடியோவுக்கு அந்த மலிவு உதவாது.

ஆப்பிளின் மேக் மினி பற்றி மருமகனைவிட நான்தான் அதிகம் யோசித்தேன். எம்4 சிப்போடு வருவதை 2024 அக்டோபரில் அறிவித்தார்கள், 16 ஜிபி ராமோடு 59,900 ரூபாய் விலையில். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, சத்தமே இல்லை, எங்கள் கிளிப்பை அது அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும். டாவின்சி ரிசால்வ் பழகியவனாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கு என்றே சொல்லியிருப்பேன். அவனுக்குத் தடையாக நின்றது எடியஸ். தமிழ்நாட்டுக் கல்யாண ஸ்டுடியோக்களில் நிறைய வேலை இன்னும் எடியஸில்தான் நடக்கிறது, அது மேக்கில் ஓடாது. அவன் ஸ்டுடியோவில் இருக்கும் பையன்கள் இருவருக்கும் தெரிந்தது அதுதான். மேக் மினியின் 256 ஜிபி சேமிப்பு கல்யாணத் தொழிலுக்குப் போதாது, ராமைப் பின்னால் கூட்டவும் முடியாது. மென்பொருளை மாற்றுவது ஆளை மாற்றுவது மாதிரி, சீசன் வாசலில் நிற்கும்போது செய்யக் கூடியது அல்ல.

ராம் விலை கேட்டபோது அவன் முகம் மாறிவிட்டது. 2025இன் கடைசி மாதங்களில் ராம் விலை எகிறத் தொடங்கியது. ஏஐ தரவு மையங்களுக்காக மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போகிறார்கள், மிச்சம்தான் நம் தெருவுக்கு வருகிறது. “பதினாறு போதும் மாமா” என்றான். ஆல்பக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். 12க்கு 36 அங்குல ஷீட், அங்குலத்துக்கு 300 புள்ளி: 3,600க்கு 10,800, ஏறத்தாழ 3.9 கோடி பிக்சல். ஷீட் முழுதும் பரவிய ஒரு லேயர் 8 பிட்டிலேயே 110 எம்பிக்கு மேல். பின்னணி, நிழல், நாலைந்து படம், பூ வேலை என்று பத்து லேயர் வந்தால் ஒரே ஷீட் ஒரு ஜிபியைத் தாண்டும். போட்டோஷாப் பழைய நிலைகளையும் நினைவில் வைத்திருக்கும். பக்கத்தில் லைட்ரூம் திறந்திருக்கும். 16 போதாது, 32 வேண்டும். அதனால் மதர்போர்டை டிடிஆர்4 ராம் எடுக்கும் பி760 வகையாகத் தேர்ந்தோம். டிடிஆர்5ஐவிட வேகம் குறைவுதான், இந்த வேலையில் அது பெரிதாகத் தெரியாது, போர்டிலும் ராமிலும் காசு மிஞ்சியது.

சேமிப்பில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. வேலை நடக்கும் கல்யாணங்களுக்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, முடிந்தவற்றுக்குச் சாதா ஹார்டு டிஸ்க், அதன் நகலுக்கு வெளியே இன்னொன்று. வினாடிக்கு 7,000 எம்பி என்று அட்டையில் போட்டிருக்கும் எஸ்எஸ்டிக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். வினாடிக்கு 100 மெகாபிட்டில் எடுக்கும் 4கே, வினாடிக்குப் 12.5 எம்பிதான் கேட்கிறது. ஆனால் அதுவே ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. வேகத்தைவிட இடம்தான் இங்கே முக்கியம். லேப்டாப் வாங்கலாமா என்ற கேள்வியும் ஒரு கணம் எழுந்து அடங்கியது. இந்த விலையில் வரும் பலவற்றில் திரை 45 சதவீத என்டிஎஸ்சி, சில மாடல்களில் ராம் போர்டோடு ஒட்டியே வருகிறது.

மானிட்டருக்குத்தான் சாயங்காலம் முழுதும் போனது, போக வேண்டியதும்தான். மற்றதெல்லாம் வேகம், மானிட்டர் மட்டும்தான் அவன் செய்கிற வேலையின் தரத்தையே தொடுகிறது. என் சொற்படி அவன் லேபில் அச்சான ஆல்பப் பக்கம் ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தான். திருபுவனத்து அரக்குப் பட்டில் ஒரு மணப்பெண். அந்தப் புடவையை நேரில் பார்த்தவன் அவன், நெய்கிற ஊரும் அவனுக்குக் கூப்பிடு தூரம். அதே படத்தின் கோப்பை மூன்று மானிட்டர்களில் திறந்து, அச்சுப் பக்கத்தைப் பக்கத்தில் பிடித்தோம். விலை குறைந்த பேனலில் அரக்கு செங்கல் நிறமானது, தலையைக் கொஞ்சம் சாய்த்தால் ஜரிகை வெளுத்தது. கேமுக்கென்று வரும் வளைந்த திரையில் புடவை தீப்பிடித்ததுபோல் சிவந்து, மடிப்புக்குள் இருந்த நிழல் ஒரே கட்டியாகிவிட்டது. மூன்றாவது 27 அங்குல ஐபிஎஸ், 1440 வரிசைகள், எஸ்ஆர்ஜிபி நூறு சதவீதம். அதன் மெனுவில் எஸ்ஆர்ஜிபி என்ற நிலையைத் தேர்ந்ததும் அரக்கு அரக்காகவே வந்தது. கழுத்தோரத்தில் மஞ்சள் பூசிய இடமும் அதற்கு மேலே பவுடர் போட்ட இடமும் தனித்தனியாகத் தெரிந்தன. “இதான் மாமா அந்தப் பொண்ணு” என்றான்.

அங்கேயே அவனுடைய நெடுநாள் தகராறு ஒன்றுக்கும் விடை கிடைத்தது. ஆல்பம் எப்போதும் இருட்டாக வருகிறது என்று வீட்டார் சொல்வதும், லேபோடு அவன் சண்டை போடுவதும் வழக்கம். கடையில் நூறில் இருந்த வெளிச்சத்தை அச்சுப் பக்கத்தின் அளவுக்குக் குறைத்துக்கொண்டே வந்தோம், நாற்பதுக்கும் கீழே போயிற்று. வீட்டில் அவன் லேப்டாப்பை முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்கிறான். கண்ணுக்குப் பளிச்சென்று இருப்பதால் படத்தை இன்னும் கொஞ்சம் இருட்டாக்கி அனுப்புகிறான். காகிதம் பின்னாலிருந்து ஒளிர்வதில்லை. திரையின் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா இருந்தால் அச்சோடு ஒத்துப்போகும். அதை அளக்கும் கருவியை ஊரில் நாலு ஸ்டுடியோக்காரர்கள் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். இதை நான் எல்லா ஊர்ப் புகைப்படக்காரர்களிடமும் கெஞ்சிக் கேட்பேன். ஒரு குடும்பம் அறுபது வருஷம் வைத்துப் பார்க்கப்போகிற ஆல்பம் அது.

இருட்டும் நேரத்தில் இரண்டாவது கடைக்கே திரும்பினோம். கடைப் பையன் கண் முன்னாலேயே பூட்டினான்: ப்ராசசரின் முத்திரையை எங்களைப் பிரிக்கச் சொன்னான், பழையதை மாற்றி வைக்கவில்லை என்பதற்காக. மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. 80 பிளஸ் வெண்கலத் தரச் சான்று உள்ள 650 வாட், பின்னால் ஒரு கார்டு போட்டாலும் தாங்கும். ராத்திரி ரிசப்ஷனில் எடுத்த படங்களில் புள்ளி மண்டுவதை லைட்ரூமின் ஏஐ வசதியால் துடைக்க, உள் கிராபிக்ஸில் படத்துக்குப் பல நிமிடம் ஆகும். ஆல்பத்துக்குப் பத்துப் படம் என்றால் காத்திருக்கலாம், முந்நூறு படம் என்றால் கார்டு வேண்டும். அவன் தொழில் எந்தப் பக்கம் போகும் என்று இன்றைக்குச் சொல்ல முடியாது.

பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் எழுதச் சொன்னோம். வாரண்டி ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி, ஊரில் ஏதாவது நின்றுபோனால் அந்த எண்தான் பேசும். 18 சதவீத ஜிஎஸ்டியோடு முறையான பில், ஸ்டுடியோவின் ஜிஎஸ்டி எண் போட்டு. பில் இல்லாமல் குறைத்துத் தருவதாகச் சொன்ன கடைகளும் இருந்தன. வாரண்டிக்கு நிற்கும்போது அந்தக் குறைவு பல மடங்காகத் திரும்பி வரும். ஒரு மணி நேரம் சோதனை ஓட்டி, சூடு பார்த்து, கேபினெட்டை அதே தெர்மகோலில் இறக்கிக் கட்டினார்கள். யூபிஎஸ்ஸை கும்பகோணத்திலேயே வாங்கிக்கொள்வதாக முடிவு. பேட்டரி கனத்தை ரயிலில் சுமப்பானேன்.

ஆட்டோவில் எழும்பூருக்குப் போகும்போது மானிட்டர் பெட்டியைப் படுக்கவைக்காமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தான். பட்ஜெட்டில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைப் போட்டு ஒரு கார்டும் வாங்கியிருக்கலாமோ என்று நான்தான் கேட்டேன்.

“வைகாசி முடியட்டும் மாமா. துடைக்கிற படம் எத்தனை வருதுன்னு அதுக்குள்ள தெரிஞ்சிடும்.”